பதினைந்து பலகையும் ஒரு தகரக் கத்தரியும்

ஞானசேகரம் கடைக்காரர்களை நம்புவதில்லை. டொக்டர்மாரையும் காரியாலயக்காரரையும் நம்புவதில்லை. சும்மா தருகிறேன் என்று வருகிறவர்களை அறவே நம்புவதில்லை. ஆகவே அவர் வேலை செய்த வீட்டின் எசமானி, சிஞ்ஞோரா எமிலியானா, தன்னுடைய அமெரிக்கத் தம்பி அனுப்பிய பலகைகளைச் சும்மா எடுத்துக்கொள் என்று சொன்னபோது, ஞானசேகரத்தின் வாயில் முதலில் வந்த சொல் நன்றி அல்ல.

"ஏன்?" என்று கேட்டார்.

"ஏனெண்டா எனக்கு அதை வைக்க இடமில்லை," என்றார் சிஞ்ஞோரா. "உனக்குச் சுவர் கிடக்கு. எனக்குப் பலகை கிடக்கு. இதிலை யோசிக்க என்ன இருக்கு?"

நியாயமான பதில்தான். நியாயமாக இருந்ததுதான் அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

சிஞ்ஞோராவுக்கு எழுபத்திரண்டு வயது. இத்தாலியில், பாலெர்மோவின் லிபெர்த்தா வீதியில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றின் மேல்வீடும், அதற்கு மேலே இருந்த மொட்டை மாடியும் அவருடையவை. மொட்டை மாடியில், ஒரு காலத்தில் உடுப்புத் தோய்ப்பதற்கென்று கட்டிய தனி அறை ஒன்று இருந்தது. ஞானசேகரம் நாலு வருடமாக அதற்குள்தான் படுத்தெழும்பினார். காலையில் இறங்கிப்போய் சிஞ்ஞோராவின் வீட்டைக் கூட்டி, சாமான் வாங்கி, மருந்தை எடுத்துக் கொடுத்து, பின்னேரம் அவர் கையைப் பிடித்து வீதியில் ஒரு சுற்று நடத்திவிட்டு, இரவு ஏறி வருவார். ஐம்பத்தெட்டு வயதில் அவருக்கு அந்தப் படிகள் மட்டும்தான் எதிரி.

அறைக்கு ஒரு குறை இருந்தது. தெற்கைப் பார்த்த சுவர் மழைக்கு ஊறும். உள்ளே பூஞ்சணம் பச்சையாகப் பிடிக்கும். தனி ஆளாக இருந்தவரைக்கும் அதை அவர் பெரிதாக எடுக்கவில்லை. மனைவி கிளறாவைக் கொழும்பிலிருந்து தன்னிடம் எடுப்பிக்க விண்ணப்பம் போட்டபோதுதான் அந்தச் சுவர் மலையாக வந்து முன்னால் நின்றது. இரண்டு பேர் இருக்கத் தகுந்த இடம் என்று நகராட்சி ஒரு பத்திரம் தர வேண்டும். மார்கழியில் பார்க்க வந்தவர் சுவரில் உள்ளங்கையை வைத்தார். கையை எடுத்து மணந்து பார்த்தார். ஈரம் என்று எழுதினார். ஏப்ரல் இருபத்திரண்டாம் தேதி வியாழக்கிழமை இன்னொரு முறை பார்ப்போம், அன்றைக்கும் இப்படியே இருந்தால் விண்ணப்பம் தள்ளுபடி, புதிதாகத் தொடங்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கிளறா பதினாலு மாதமாகக் கொழும்பில், கொட்டாஞ்சேனை லொட்ஜ் ஒன்றில் இருந்தாள். பொலிசுப் பதிவை அடிக்கடி புதுப்பிக்க வேண்டும். புதிதாகத் தொடங்குவதென்றால் இன்னும் ஒரு வருடம், ஒன்றரை வருடம். அதுவரைக்கும் அந்த லொட்ஜில் அவளை இருக்க விடுவார்களா என்பது ஆருக்கும் தெரியாது.

சிஞ்ஞோராவின் தம்பிக்கு நியூஜெர்சியில் வீடுகளுக்குப் பலகை அடிக்கிற தொழில். அங்கே மரவீடுகளுக்கு வெளியே, மழை இறங்காமல், பிளாஸ்ரிக்கில் சட்டை போடுவார்களாம். அக்காவின் மொட்டை மாடிச் சுவர் ஊறுகிறது என்று கேள்விப்பட்டு, உறவுக்காரர் ஒருவரின் தளபாடக் கொள்கலனில் ஒரு கட்டு சேர்த்து அனுப்பியிருந்தான். முட்டைக்கோது நிறம். ஒவ்வொன்றும் பன்னிரண்டரை அடி நீளம். கீழ்விளிம்பில் ஒரு மடிப்பு. அது கீழே உள்ள பலகையைக் கவ்விக்கொள்ளும். மேல்விளிம்பில் ஆணிக்கென்று நீட்டு ஓட்டைகள் வரிசையாக. சுவரின் இரண்டு அந்தத்துக்கும் தண்ணீர்ப் பீலி போலக் குழிந்த இரண்டு சட்டம்; பலகையின் நுனிகள் அதற்குள் போய் மறைய வேண்டும்.

அவர் எண்ணிப் பார்த்தார். பதினைந்து. சுவரை அளந்தார். பதினாலு போதும். ஒன்று உபரி. பாலெர்மோ முழுக்கத் தேடினாலும் அந்தச் சாமானில் ஒரு துண்டு கிடைக்காது. அவருடைய சுவர் பலகையைவிடக் குறைந்த நீளம். ஆகவே ஒவ்வொன்றையும் வெட்டியே ஆக வேண்டும். ஒரு சன்னலும் இருந்தது. எதால் வெட்டுவது?

வியா மக்வேதா வீதியில் ஒரு கடையில் கேட்டார். கண்ணாடிப் பெட்டிக்குள் வெட்டுகிற ஆயுதங்களை நகை போல அடுக்கி வைத்திருந்தார்கள். விலைச்சீட்டுகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். பஸ் எடுத்து ஒரேத்தோவுக்குப் போனார். அங்கே மாட்டியா என்பவரின் இரும்புக்கடை இருந்தது. ஒடுக்கமான கடை, விளக்குமாறு தொடங்கி கழிவறைச் சங்கிலி வரைக்கும் கூரையில் தொங்கும். மாட்டியா பலகையின் விபரத்தைக் கேட்டார், இரண்டு தரம் தலையாட்டினார், உள்ளே போய் மின்சார வாள் ஒன்றைக் கொண்டு வந்து மேசையில் வைத்தார்.

"இது ஒண்டு காணும், வேறை ஒண்டும் தேவையில்லை. பட்டர் வெட்டுற மாதிரி வெட்டும்."

"விலை?"

மாட்டியா விலையைச் சொன்னார். அது ஞானசேகரத்தின் அரை மாதச் சம்பளம்.

"நீர் இந்தப் பலகையை முந்தி வெட்டியிருக்கிறீரோ?"

"பலகையை நான் கண்ணாலையும் காணேல்லை."

"பிறகு பட்டர் மாதிரி வெட்டுமெண்டு எப்பிடித் தெரியும்?"

மாட்டியா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஞானசேகரம் வெளியே வந்துவிட்டார்.

பக்கத்துக் கட்டடத்தில் காவலும் கைவேலையும் பார்த்தவன் ஜான்-குளோட், மொறீசியஸ்காரன். பாட்டன் பூட்டன் தமிழர். அவனுக்கு முருகன் பாட்டு நாலு பாடத் தெரியும், தமிழில் தண்ணீர் கேட்கத் தெரியாது. இருவரும் இத்தாலிய மொழியில்தான் கதைப்பார்கள். இருவருக்கும் அது அரைகுறை என்பதால் நன்றாக விளங்கும். ஜான்-குளோட்டிடம் மின்சார வாள் இருந்தது. சும்மா தருகிறேன் என்றான். ஞானசேகரத்துக்கு அங்கேயே யோசனை வந்திருக்க வேண்டும்.

மாசி மாதத்துக் காலைக் குளிர். இருவரும் ஒரு பலகையை இரண்டு கதிரையில் வைத்தார்கள். ஜான்-குளோட் விசையை அழுத்தினான். வாள் பலகையைத் தொட்டதும் பலகை நடுங்கியது. நடுங்கிய வேகத்தில் வெடித்தது. வெட்ட வேண்டிய இடத்திலிருந்து ஒரு முழம் உள்ளுக்குக் கீறிக்கொண்டு போனது. சில்லுகள் சிஞ்ஞோராவின் துளசிச் சட்டிக்குள் விழுந்தன. சிஞ்ஞோரா அதைப் பசிலிக்கோ என்பார், சோற்றில் போடுவார்.

"குளிர்," என்றான் ஜான்-குளோட். "பிளாஸ்ரிக் குளிரிலை கோவிக்கும்."

"பிளாஸ்ரிக் கோவிக்கேல்லை. உன்ரை வாளுக்குப் பல்லுப் பெரிசு. அது மரத்துக்குச் செய்த வாள்."

"அடுத்ததை மெள்ளப் பிடிப்பம்."

"அடுத்தது இல்லை," என்றார் ஞானசேகரம். "நீ வாளைக் கொண்டு போ."

உபரி போய்விட்டது. இனிப் பதினாலு பலகை, பதினாலு வரிசை. ஒன்றில் கை பிசகினாலும் சுவரில் ஒரு சாண் அகலத்துக்கு ஓட்டை.

அவர் உடைந்த பலகையில் நல்லதாக இருந்த பகுதியைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பவும் ஒரேத்தோவுக்குப் போனார். மாட்டியாவின் மேசையில் துண்டைப் போட்டு, கடையில் உள்ள தகரம் வெட்டுகிற கத்தரி எல்லாவற்றையும் எடுத்து வையும் என்றார்.

"என்னத்துக்கு?"

"வெட்டிப் பாத்து வாங்க."

"இதென்ன மீன் சந்தையோ, செவுளைத் திறந்து பாத்து வாங்க?"

"மீன்காரனும் முதலிலை இப்பிடித்தான் கோவிப்பான். நல்ல மீன் வைச்சிருக்கிறவன் பேசாமல் நிப்பான்."

மாட்டியா பேசாமல் நான்கை எடுத்து வைத்தார். சிவப்புப் பிடி ஒன்று, பச்சைப் பிடி ஒன்று. ஒன்று இடப்பக்கம் வளைத்து வெட்டவாம், மற்றது வலப்பக்கம். இரண்டும் நேர்கோட்டில் நிற்கவில்லை, குடிகாரன் போல ஒதுங்கிப் போயின. மூன்றாவது மிகப் பெரிது, கை நோகும். நாலாவது கறுப்புப் பிடி, அலகு நீளம், பார்வைக்கு ஒன்றுமில்லாதது, விலையிலும் கடைசி. அது நேராகப் போனது. ஆனால் ஒவ்வொரு கடியின் முடிவிலும் விளிம்பைக் கொஞ்சம் கிழித்தது. ஞானசேகரம் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கத்தரியின் வாயை முழுக்க மூடாமல், முக்கால் வாயில் நிறுத்தி, முன்னுக்குத் தள்ளி, திரும்பவும் முக்கால் வாயில் நிறுத்தினார். கிழியவில்லை. சவரம் செய்த கன்னம் மாதிரி வந்தது.

மாட்டியாவின் கோபம் எங்கே போனதென்று தெரியாது. மேசைக்கு இந்தப் பக்கம் வந்து நின்றார். "நீட்டுப் பாட்டுக்கு என்ன செய்வாய்? பன்னிரண்டடிக்குக் கத்தரி போடுவியோ?"

"அதுக்கு ஒரு கத்தி தாரும். பிளேட் கத்தி, மலிஞ்சது."

கத்தியால் ஒரு கீறல் போட்டார். ஊடுருவ வெட்டவில்லை, சும்மா ஒரு கோடு. துண்டை அந்தக் கோட்டில் முன்னும் பின்னும் இரண்டு தரம் மடித்தார். சொல்லி வைத்தது போல முறிந்தது.

"குறுக்கு வெட்டுக்கு?" என்று கேட்டார் மாட்டியா. இப்போது அவரே மும்முரமாக நின்றார்.

"இரும்பு அறுக்கிற வாள். பல்லு நெருக்கமானது."

மாட்டியா சட்டமும் பிடியுமாக ஒன்றை இறக்கினார். ஞானசேகரம் சட்டத்தைக் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டு, அலகை மட்டும் எடுத்தார். ஒரு நுனியில் பழந்துணியைச் சுற்றினால் பிடியாகிவிடும்.

மூன்று சாமானும் சேர்ந்து, மின்சார வாளின் விலையில் பத்தில் ஒன்று வந்தது.

"பிடியும் வாங்காதவனுக்கு நான் இதுவரைக்கும் வாள் வித்தது இல்லை," என்றார் மாட்டியா.

"சாமான் சரியில்லையெண்டால் திரும்பக் கொண்டு வருவன்," என்றார் ஞானசேகரம்.

சுவரில் முதலில், பலகையின் ஆணி பிடிக்க, மரறீப்பைகள் என்ற ஒடுங்கிய சட்டங்களை அடித்தார். பிறகு பலகைகளுக்கு வந்தார். அந்த நாள்களில்தான் மாக்கிரட் மேலே வரத் தொடங்கினாள். அவள் ஊர்காவற்றுறைப் பெண், நாற்பது கடந்தவள், மூன்றாம் மாடியில் படுக்கையில் கிடந்த ஒரு கிழவரைப் பராமரித்து வந்தாள். பின்னேரம் இரண்டு மணித்தியாலம் ஓய்வு. அதில் உடுப்புக் காயப்போட மொட்டை மாடிக்கு வருவாள். இத்தாலிய மொழியும் ஆங்கிலமும் வாசிப்பாள். பலகைக் கட்டுக்குள் ஒரு கடுதாசி இருந்ததை அவள்தான் எடுத்து விரித்தாள்.

"ஞானண்ணை, ரெண்டு அந்தத்திலையும் கால் இஞ்சி விட்டு வெட்டச் சொல்லிக் கிடக்கு."

"ஆர் சொன்னது?"

"பலகை செய்தவங்கள்."

"பலகை செய்தவனுக்கு என்ரை சுவர் நனைஞ்சால் என்ன, காய்ஞ்சால் என்ன."

"ஆணியையும் முழுக்க இறக்க வேண்டாமாம். தலைக்குக் கீழை ஒரு சல்லிக்காசுக் கனத்துக்கு இடம் விடட்டாம். பலகை ஆடவேணுமாம்."

ஞானசேகரம் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அவர் சிரிப்பது குறைவு.

அவர் மன்னார்த் தீவில் பேசாலைக்காரர். அறுபத்து நாலாம் ஆண்டு மார்கழியில் அடித்த சூறாவளியின்போது அவருக்கு இருபத்து மூன்று வயது. வீட்டுக் கூரைத் தகரத்தில் ஒரே ஒரு ஆணிதான் தளர்ந்து கிடந்தது. காற்று அந்த இடத்தில் விரலை விட்டது. விடியப் பார்க்கும்போது கூரையில் தகரம் என்று ஒன்றுமில்லை. அவருடைய தமையனும் இல்லை. அதற்குப் பிறகு அவர் அடித்த ஆணி எதுவும் அரைவாசியில் நின்றதில்லை. இறங்கிய ஆணிக்கும் தலையில் இரண்டு அடி கூடப் போடுவார்.

"காத்துக்கு விரல் விட இடம் குடுக்கப்படாது, பிள்ளை."

"இஞ்சை எந்தச் சூறாவளி, அண்ணை?"

"வரும்வரைக்கும் எங்கையும் இல்லைத்தான்."

"இதை எழுதினவன் படிச்சவன்."

"படிச்சவங்கள் எழுதினபடியால்தான் நாங்கள் இஞ்சை வந்து கிடக்கிறம்."

மாக்கிரட் கடுதாசியை மடித்தாள். அதற்கு மேல் வாதாட அவளுக்கு நேரமில்லை. கிழவருக்கு மருந்து கொடுக்கும் நேரம். ஞானசேகரம் அந்தக் கடுதாசியைப் பெயின்ற் தகரத்துக்குக் கீழே விரித்தார்.

ஐந்து பின்னேரங்களில் வேலை முடிந்தது. ஒவ்வொரு பலகையையும் பீலியின் அடிவரைக்கும் போய் முட்டும்படி மயிரிழை பிசகாமல் வெட்டினார். சன்னலுக்கு வாள் அலகு, மேல் வரிசைக்குக் கத்தி, மற்றதெல்லாம் கறுப்புப் பிடிக் கத்தரி. ஒரு பலகை பழுதாகவில்லை. ஆணிகளை இறுக்கி அடித்தார். தட்டினால் கல்லுச் சுவர் மாதிரிச் சத்தம் கேட்டது. உள்ளே பூஞ்சணத்தைக் குளோரின் போட்டு உரஞ்சி, வெள்ளை அடித்தார். பங்குனியில் நாலு நாள் மழை விடாமல் பெய்தது. உள்சுவரில் ஒரு பொட்டு ஈரமில்லை.

சிஞ்ஞோரா கைப்பிடியைப் பிடித்து ஏறி வந்து பார்த்தார். "நியூஜெர்சி மாதிரியே இருக்கு," என்றார். அவர் நியூஜெர்சிக்குப் போனதில்லை.

ஏப்ரல் இருபதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, தெற்கிலிருந்து ஷிரோக்கோ காற்று எழும்பியது. ஆபிரிக்காவிலிருந்து வருகிற காற்று. வானம் மஞ்சளாகி, மனிதருக்குத் தலையிடி வந்து, நாய்கள் கட்டிலுக்குக் கீழே படுக்கிற காற்று. மத்தியானம் வெயிலும் சேர்ந்தது. ஞானசேகரம் அறைக்குள் படுத்திருந்தார். டக் என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தால் இன்னொன்று. வெளியே போய்ப் பார்த்தார்.

சுவர் வயிறு வைத்திருந்தது. மூன்றாம் வரிசையிலிருந்து ஒன்பதாம் வரிசை வரைக்கும் பலகைகள் நடுவில் வெளியே தள்ளி நின்றன. இரண்டு அந்தமும் பீலியில் முட்டி, ஆணியும் விடாமல் பிடித்து, போக இடமில்லாமல் அவை வளைந்திருந்தன. இரண்டு இடத்தில் கவ்வல் கழன்று இடைவெளி வாயைத் திறந்து நின்றது. ஒன்றில் ஆணி ஓட்டை கிழிந்திருந்தது. ஷிரோக்கோவுக்குப் பின்னால் மண் கலந்த மழை வரும் என்பது நாலு வருடமாக அந்த ஊரில் இருந்த எவருக்கும் தெரியும். அந்த மழை நேரே உள்ளே போகும். வியாழக்கிழமை காலையில் ஆள் வந்து உள்ளங்கையை வைப்பார்.

மாக்கிரட் உடுப்புக் கூடையோடு ஏறி வந்தாள். சுவரைப் பார்த்தாள். ஒவ்வொரு துணியாக உதறிக் கொடியில் போட்டாள். அவர் பொறுத்துப் பார்த்தார்.

"சொல்லு," என்றார்.

"என்னத்தைச் சொல்ல? உடுப்புக் காயப்போட வந்தனான்."

அவர் பெயின்ற் தகரத்தைத் தூக்கி, கடுதாசியை உரித்தெடுத்து நீட்டினார். வட்டமாக ஒரு வெள்ளைக் கறை எழுத்துகளின் மேல் இருந்தது. அவளை நம்பினார் என்றோ கடுதாசியை நம்பினார் என்றோ சொல்ல முடியாது. வேறு வழி இல்லாமல் போனது. இரண்டும் ஒன்றல்ல.

"அடிச்சதைக் கழட்ட ஒரு ஆயுதம் இருக்காம்," என்று வாசித்தாள். "தட்டையான தகடு, நுனியிலை ஒரு சின்ன வளைவு. கவ்வலுக்குள்ளை விட்டு இழுத்துக்கொண்டு போக வேணும். படமும் கிடக்கு."

அப்படி ஒன்று மாட்டியாவிடம் இருக்காது என்று அவருக்குத் தெரியும். ஜான்-குளோட்டைக் கூப்பிட்டார். அவன் பெயின்ற் சுரண்டுகிற பழைய தகடு ஒன்றைக் கொண்டு வந்தான். காஸ் அடுப்பில் நுனியைச் சிவக்க வைத்து, சுத்தியலால் வளைத்தார்கள். படத்தைப் போல அழகாக இல்லை. ஆனால் மேல் வரிசையில் விட்டு இழுத்ததும் பலகை, காற்சட்டைச் சிப் கழன்ற மாதிரி, ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு விட்டுக்கொண்டு வந்தது.

"இந்த முறை நான் ஒண்டும் உடைக்கேல்லை," என்றான் ஜான்-குளோட்.

"இன்னும் நேரம் கிடக்கு," என்றார் ஞானசேகரம்.

ஆணி பிடுங்குவதுதான் நரகம். தலையில் கூடப் போட்ட அந்த இரண்டு அடிக்கும் இப்போது கணக்குத் தீர்க்க வேண்டியிருந்தது. உடைந்த பலகைத் துண்டைக் கீழே வைத்து, சுத்தியலின் பின்னங் கவட்டால் ஒவ்வொன்றாக நெம்பினார். ஒரு ஓட்டையையும் கிழிக்கக் கூடாது. செவ்வாய் பின்னேரம் முழுக்க அதற்கே போனது. இருட்டுவதற்குள் பதினாலையும் இறக்கி நிலத்தில் அடுக்கினார்.

புதன்கிழமை காற்று இன்னும் நிற்கவில்லை. மாக்கிரட் ஓய்வு நேரத்தில் வந்து மறு அந்தத்தைப் பிடித்தாள். பிடி என்று அவர் கேட்கவில்லை, பலகையின் ஒரு நுனியை அவள் பக்கம் நீட்டினார், அவள் விளங்கிக்கொண்டாள்.

"கால் இஞ்சி, ரெண்டு பக்கமும்," என்றாள்.

"வேண்டாம். அரைக்கால் காணும்."

"அண்ணை, திரும்பவுமோ?"

"கேள். இந்த வெக்கையிலை பலகை முழு நீளத்துக்கு நீண்டு கிடக்கு. இதுக்கு மேலை நீளாது. இப்ப கால் வெட்டினால் தை மாசக் குளிரிலை சுருங்கிப் பீலியை விட்டு வெளியிலை வந்திடும். கடுதாசி அமெரிக்காக் குளிரிலை எழுதினது."

அவள் கடுதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெக்கையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. "உங்கடை சுவர்," என்றாள்.

அவ்வளவு ஒடுக்கமான கீற்றைக் கத்தியால் முறிக்க முடியாது. வாள் அலகு நழுவும். கறுப்புப் பிடிக் கத்தரிதான் கை கொடுத்தது. வெக்கையில் பலகை இளகியிருந்தது, வெடிக்கவில்லை. முக்கால் வாய், முக்கால் வாய். ஒவ்வொரு நுனியிலிருந்தும் பாக்குச்சீவல் மாதிரி ஒரு சுருள் விழுந்தது. நிலம் வழுக்கக் கூடாதென்று அவற்றைக் கடைப்பை ஒன்றில் பொறுக்கிப் போட்டார்.

அடிக்கும்போதுதான் கை கேட்கவில்லை. ஆணி இறங்கி, நிற்க வேண்டிய இடத்தில் நின்ற பிறகும் கை தானாக ஓங்கியது.

"காணும்," என்றாள் மாக்கிரட்.

அவர் நிறுத்தினார். அடுத்த ஆணி.

"காணும். காணும் அண்ணை, காணும். உங்களுக்குக் காது கேக்குதோ?"

ஓட்டை கிழிந்த பலகையில் ஆணியைப் பக்கத்து ஓட்டைக்கு மாற்றினார். அங்கேயும் றீப்பை அதைப் பிடித்துக்கொண்டது. சூரியன் இறங்க வேலை முடிந்தது. இரவு மண் மழை பெய்து எல்லாருடைய கார்களையும் நாசமாக்கியது. ஞானசேகரம் விடிய எழும்பி உள்சுவரை ஐந்து இடத்தில் தொட்டுப் பார்த்தார்; ஈரமில்லை. நித்திரை வெறியில் ஈரம் தனக்குத்தான் தெரியவில்லையோ என்று மறு கையாலும் தொட்டுப் பார்த்தார்.

மார்கழியில் வந்தவர் வரவில்லை. கியாரா என்று கழுத்தில் அட்டை தொங்கிய, முப்பது வயது மதிக்கத்தக்க பெண் வந்தாள். உள்ளங்கை வைக்கவில்லை, இரண்டு முள் உள்ள சிறு கருவியைச் சுவரில் குத்தி எண்ணைப் பார்த்தாள். நாலு இடத்தில் குத்தினாள். அறையை அளந்தாள். சன்னலைத் திறந்து மூடினாள். வெளியே போய்ப் பலகையில் கையை வைத்தாள். பலகை இடப்பக்கமாக ஒரு நூல் நகர்ந்தது. திருப்பித் தள்ளினாள், வலப்பக்கம் நகர்ந்தது. குனிந்து ஆணிகளைப் பார்த்தாள்.

"ஆணி முழுக்க இறங்கேல்லையே. வேலை முடிய முன்னம் என்னை ஏன் வரச் சொன்னனீங்கள்?"

"அது அமெரிக்காச் சாமான்," என்றார் சிஞ்ஞோரா எமிலியானா.

"அமெரிக்காச் சாமானெண்டால் ஆடுமோ, சிஞ்ஞோரா? முதல் காத்துக்கு இது கழண்டு விழும். நான் இதுக்குக் கையெழுத்து வைச்சால் ஆர் பொறுப்பு?"

அவள் பேனையை மூடினாள். ஞானசேகரம் அந்தப் பேனையைப் பார்த்தார். காற்றுக்குக் கழன்று விழும். முப்பத்தைந்து வருடமாக அவர் சொல்லி வந்ததும் அதுதான். அவரிடம் இருந்த இத்தாலிய மொழி சந்தைக்கும் மருந்துக்கும் போதும், இதற்குப் போதாது. அவர் அறைக்குப் பின்னால் போய்க் கடைப்பையைத் தூக்கி வந்து அவள் காலடியில் கொட்டினார். முட்டைக்கோது நிறத்தில் இருபத்தெட்டுச் சுருள். வளைந்த ஆணிகள் ஒரு குவியல்.

"திங்கக்கிழமை வரைக்கும் முழுக்க அடிச்சிருந்தன்," என்றார். "இறுக்கி. செவ்வாய் வெயிலுக்கு வீங்கிச்சுது. இவ்வளவு." வயிற்றின் முன்னால் கையை வளைத்துக் காட்டினார். "பிழை என்ரை. எல்லாத்தையும் கழட்டினன். வெட்டினன். வெயிலுக்கு அது நீளும், குளிருக்குச் சுருங்கும், அதுக்கு நடக்க இடம் வேணும். உடுப்புக் கொடியிலை தொங்கிற மாதிரித் தொங்க வேணும்."

கியாரா ஒரு சுருளை எடுத்தாள். பீலிக்குள் விரலை விட்டு, நுனிக்கும் அடிக்கும் இடையில் உள்ள இடத்தைத் தடவினாள். சுருளை அங்கே வைத்துப் பார்த்தாள். இன்னொரு வரிசையிலும் வைத்துப் பார்த்தாள். பொய் சொல்கிறவன் குப்பையைச் சேர்த்து வைத்திருக்க மாட்டான் என்று நினைத்தாளோ, வேறு என்ன நினைத்தாளோ.

"செவ்வாய்க்கிழமை வந்திருந்தால் தள்ளியிருப்பன்," என்றாள்.

"தெரியும்."

அவள் பேனையைத் திறந்தாள்.

அவள் போன பிறகு ஞானசேகரம் பத்திரத்தை மூன்றாம் மாடிக்குக் கொண்டுபோய் மாக்கிரட்டிடம் கொடுத்தார். உலர்ந்தது, இரண்டு பேருக்குத் தகுந்தது என்று வாசித்தாள். நன்றி சொன்னார். பிறகு, அவளுக்குச் சொல்லாமல், பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஜான்-குளோட்டிடமும் வாசிப்பித்தார். அவனும் அதையே சொன்னான். இருவரும் முதலே கதைத்து வைத்திருக்க வழியில்லை என்பதால் ஏற்றுக்கொண்டார்.

பின்னேரம் வியா மக்வேதாவுக்குப் பக்கத்துச் சந்தில் உள்ள ரெலிபோன் கடைக்குப் போய்க் கொட்டாஞ்சேனைக்கு எடுத்தார். லொட்ஜ்காரன் கிளறாவைக் கூப்பிட ஐந்து நிமிடம் எடுத்தான்.

"தந்திட்டினம்," என்றார்.

"என்னத்தை?"

"பத்திரம். இனிக் குவெஸ்தூராவிலை, பொலிசுக் கந்தோரிலை, குடுக்க வேணும். பிறகு உனக்கு விசா."

அந்தப் பக்கத்தில் எங்கோ ஒரு பஸ் கோர்ன் அடித்தது.

"அதிலை என்ன எழுதிக் கிடக்கு?"

"ரெண்டு பேர் இருக்கலாமெண்டு."

"நீங்கள் சொல்லுறியளோ, அதிலை கிடக்கோ?"

"அதிலை கிடக்கு. ரெண்டு பேரைக் கொண்டு வாசிப்பிச்சனான்."

"அவை எங்கடை ஆக்களெல்லோ, உங்கடை மனசு நோகாமல் சொல்லுவினம். பொறுங்கோ, பேனை எடுக்கிறன். இஞ்சை பங்குக் கோயிலிலை ஒரு சுவாமி ரோமிலை படிச்சவர். நீங்கள் எழுத்தெழுத்தாச் சொல்லுங்கோ, நான் எழுதிக்கொண்டு போய் அவரிட்டைக் காட்டுறன்."

அவருக்குக் கோபம் வரவில்லை. அதைத்தான் செய்ய வேண்டும் என்று தோன்றியது. பத்திரத்தை ரெலிபோன் பெட்டியின் மேல் விரித்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டார்.

"மேலை இருந்தோ, கையெழுத்துக்குக் கிட்டவிருந்தோ?"

"எல்லாம்."

"சரி, எழுது. சீ," என்றார். "ஓ."

வெளியே அடுத்ததாக நின்றவன் கண்ணாடியில் தட்டினான். ஞானசேகரம் அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, விரலை மூன்றாவது எழுத்தில் வைத்தார்.